பிடித்து ஓட்டும் வித்தை: கல்லூரி நெடுந்தூர ஓட்ட அணியை உருவாக்க முழுமையான வழிகாட்டி

சிவகங்கைப் பக்கம் கோயில் திருவிழா என்றால் மாட்டுவண்டிப் பந்தயம் இல்லாமல் இருக்காது. பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து, போகவர எட்டு மைல், ஆறு மைல் என்று தூரம் வைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் மாடு வளர்த்துப் பழகிய பெரியவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். புறப்பட்ட வேகத்தில் முன்னால் பறக்கும் ஜோடியைப் பார்த்து, "திரும்பி வரையில பாரு, இது நிக்கும்" என்பார். பெரும்பாலும் அதுதான் நடக்கும். சாரதியின் கெட்டிக்காரத்தனம் சாட்டையில் இல்லை, கயிற்றில்தான் இருக்கிறது. முதல் மைலில் மாட்டைப் பிடித்து ஓட்டத் தெரிந்தவனால்தான் கடைசி மைலில் விரட்ட முடியும். நெடுந்தூர ஓட்டத்துக்கும் இதுதான் பாடம்.

காரைக்குடி வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் விளையாட்டுப் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வையுங்கள். "சார், இந்த வருஷம் கிராஸ் கன்ட்ரிக்கும் ஒரு டீம் அனுப்பணும்" என்று முதல்வர் சொல்லிவிட்டார். உங்களுக்குத் தெரிந்தது கபடியோ வாலிபாலோ. பயப்பட வேண்டாம். அயர்லாந்திலிருந்து பூகோள ஆசிரியராக 1976-ல் கென்யாவின் இட்டென் ஊருக்குப் போன கோம் ஓ'கானல், தடகளப் பயிற்சி என்றால் என்னவென்றே தெரியாமல்தான் பள்ளிப் பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போனார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா அவர் வளர்த்த பிள்ளை.

படி 1: போட்டியின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

காடு மேடு தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி பார்ப்பதற்குத் தனிநபர் ஓட்டம் போலிருக்கும், உண்மையில் அது அணி விளையாட்டு. ஓடி முடித்த இடம்தான் மதிப்பெண்: முதலாவது வந்தால் 1, இருபதாவது வந்தால் 20. கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அது ஜெயிக்கும். உலகப் போட்டியில் ஓர் அணியில் ஆறு பேர் ஓட, முதல் நான்கு பேரின் இடம் கணக்கில் சேரும். அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் ஏழு பேர் ஓட, ஐந்து பேர் கணக்கு. நம் பல்கலைக்கழகப் போட்டியில் எத்தனை பேர், எவ்வளவு தூரம், வயது வரம்பு என்ன என்பதை அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷத் தாளை நம்பி அணி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு.

நான்கு பேர் கணக்கு என்று வைத்துப் பார்ப்போம். ஓர் அணியின் ஆட்கள் 1, 2, 25, 40 என்று முடிக்கிறார்கள். கூட்டினால் 68. இன்னோர் அணி 9, 12, 15, 18. கூட்டினால் 54. மேடையேறி முதல் பரிசும் இரண்டாம் பரிசும் வாங்கிய அணி, கோப்பையை இரண்டாவது அணியிடம் விட்டுவிட்டது. கொலராடோ மலைநாட்டில் அலமோசா என்ற சின்ன ஊரில் இருக்கிறது ஆடம்ஸ் ஸ்டேட், இன்று பல்கலைக்கழகம், அப்போது கல்லூரி. அதன் பயிற்சியாளர் ஜோ விஜில் 1992-ல் தன் பிள்ளைகளை அமெரிக்கக் கல்லூரிகளின் இரண்டாம் பிரிவு தேசியப் போட்டியில் 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக முடிக்க வைத்தார். மொத்தம் 15. அதற்குக் கீழே மதிப்பெண்ணே கிடையாது.

ஆகவே உங்கள் கவனம் நட்சத்திரத்தின் மேல் இருக்க வேண்டியதில்லை. அவன் எப்படியும் ஓடுவான். நாலாவது ஆள் யார், அவனுக்கும் முதல் ஆளுக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்பதைத்தான் வருஷம் முழுக்கப் பார்க்க வேண்டும்.

படி 2: ஆள் பிடிப்பது

100 மீட்டர் ஓடவிட்டு ஆள் எடுக்காதீர்கள். நெடுந்தூர ஓட்டக்காரன் பல நேரம் அதில் கடைசியில் வருவான். நம் ஊரில் ஆள் கிடைக்கும் இடமே வேறு. விடிகாலையில் சாலையோரம் ஓடும் பையன்களைப் பாருங்கள். பாதிப்பேர் போலீஸ் தேர்வுக்கோ ராணுவத் தேர்வுக்கோ பயிற்சி எடுப்பவர்கள். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதை 5 நிமிடத்தில் முடித்துவிட்டு மூச்சு வாங்காமல் நிற்கிற ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருப்பான். தன்னை ஓட்டக்காரன் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். "வேலைக்காக ஓடுறேன் சார்" என்பான். அவனிடம் விளையாட்டு ஒதுக்கீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். வேலைக்கு அதுவும் ஒரு வழி என்று தெரிந்தால் தானே வருவான்.

இன்னொரு கூட்டம் புட்பால், கபடி அணிகளில் இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரும் இடுப்பில் கை வைக்கும்போது அலைந்துகொண்டிருப்பவனைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராமங்களில் பொங்கலுக்கு நடக்கும் மினி மாரத்தான்களில் பேர் சொல்லி விசாரியுங்கள்.

முதல் தேர்வுக்கு 3000 மீட்டர், 400 மீட்டர் ட்ராக்கில் ஏழரை ரவுண்டு, போதும். நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ரவுண்டு நேரத்தையும் எழுதுங்கள். முதல் ரவுண்டை 70 விநாடியில் ஓடி, கடைசியை 110-ல் ஓடுபவனுக்கு உடம்பு இருக்கிறது, பொறுமை இல்லை. எல்லா ரவுண்டையும் 92, 93 என்று ஓடி, அடுத்த வாரமும் வந்து நிற்பவனை விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு பேரோடு தொடங்கினால் ஆறு மாதத்தில் எட்டுப் பேர் மிஞ்சுவார்கள். அதையும் கணக்கில் வைத்தே எடுங்கள்.

பக்கத்து மாவட்டத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரும். புதுக்கோட்டைக் கவிநாட்டில் லோகநாதன் என்ற பயிற்சியாளரிடம் ஓடத் தொடங்கிய கோ. லட்சுமணன், 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அதே புதுக்கோட்டையின் எல். சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டில் அதே இரண்டு தூரங்களிலும் தங்கம் வாங்கினார். இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் நெடுந்தூர ஓட்டம் வராது என்று யாராவது சொன்னால், காரைக்குடியில் புதுக்கோட்டை பஸ் ஏறச் சொல்லுங்கள்.

படி 3: ஓட இடம்

சின்த்தெட்டிக் ட்ராக் இல்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் ட்ராக் போதும், அதுவும் மண் ட்ராக்கே போதும். மீதி நாட்களுக்குச் செட்டிநாடு கொடுத்துவைத்த ஊர். கண்மாய்க் கரைகள் இருக்கின்றன, தைலமரக் காட்டுக்குள் வண்டிப்பாதைகள் இருக்கின்றன, முந்திரித் தோப்பு ஓரங்கள் இருக்கின்றன. செம்மண் பாதை தார்ச்சாலையைவிடக் காலுக்கு நல்லது. சரளைக்கல் உருளும் இடத்தில் கணுக்கால் பிசகாமல் இருக்கப் பழகிக்கொள்ளும். அதுவும் கிராஸ் கன்ட்ரிக்குத் தேவையான பயிற்சிதான்.

இடத்தை முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். சீமைக்கருவேல முள் ஷூவின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு போகும். கண்மாய்க் கரையில் மழைக்காலத்தில் பாம்பு இருக்கும், புரட்டாசிக்குப் பிறகு சேறு. விடியுமுன் ஓடுவதாக இருந்தால் தெருநாய் எங்கே கூடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தார்ச்சாலையில் ஓடியே ஆக வேண்டும் என்றால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக, வெளிர்நிறச் சட்டையோடு, வரிசையாக. காதில் இயர்போன் மாட்டியவனை அன்றைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

மேட்டுக்கு என்ன செய்வது? நம் ஊர் தட்டை. கண்மாய்க் கரையின் சரிவில் 60 மீட்டர் ஏற்றம் கிடைத்தால் போதும், எட்டு முறை ஏறி நடந்து இறங்கட்டும். ரயில்வே மேம்பாலமும் உதவும், வண்டி ஓடாத நேரத்தில். குன்றக்குடி மலைப்படியில் ஓடவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பக்தர்களுக்கு இடைஞ்சல், படி இறங்குவது முழங்காலுக்கும் கேடு.

படி 4: முதல் எட்டு வாரம், மெதுவாக

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நான் முதன்முதலில் அணி எடுத்த வருஷம் ஒன்பது பிள்ளைகள். முதல் வாரமே 400 மீட்டரைப் பத்து முறை ஓடவிட்டேன், கையில் ஸ்டாப்வாட்ச், வாயில் விசில். பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மாதத்தில் நான்கு பேருக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. ஒருவனுக்கு எலும்பில் கீறல். போட்டிக்குப் போனது மூன்று பேர். அணி என்ற கணக்கே இல்லை. அந்த வருஷத்துத் தோல்வி முழுக்க என் கையால் செய்தது.

மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாரும் மாதக்கணக்கில்தான் இறுகும். இந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது. பையனுக்கு மூச்சு நன்றாக இருப்பதால் இன்னும் வேகமாகப் போகிறான், கால் இன்னும் தயாராகவில்லை. ஆகவே முதல் எட்டு வாரம் பேசிக்கொண்டே ஓடும் வேகம் மட்டும். பக்கத்தில் ஓடுபவனிடம் நேற்றுப் பார்த்த படத்தின் கதையை முழு வாக்கியங்களில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

முதல் வாரம் மொத்தம் 20 முதல் 25 கிலோமீட்டர், நாலைந்து நாட்களில் பிரித்து. ஒவ்வொரு வாரமும் மூன்று நான்கு கிலோமீட்டர் கூட்டலாம். நாலாவது வாரம் குறைத்துவிட்டு மறுபடி ஏற வேண்டும். எட்டாவது வார முடிவில் 40 வந்தால் நல்ல தொடக்கம். முதல் வருஷத்தில் 55, 60-க்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை. வாரம் இரண்டு நாள் ஓட்டம் முடிந்ததும் 100 மீட்டரை ஆறு முறை, தளர்வாக, அழகாக, முழு வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடட்டும். கால் வேகத்தை மறக்காமல் இருக்க அவ்வளவு போதும்.

பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள். "இது என்ன சார், கிழவன் ஓடற மாதிரி" என்பார்கள். நியூசிலாந்துக் கதையைச் சொல்லுங்கள். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி கொடுத்த ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் ஸ்னெல்லை ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் 22 மைல் ஓட வைத்தார். இரண்டு ரவுண்டு ஓடுபவனுக்கு 35 கிலோமீட்டர் எதற்கு என்று ஊர் சிரித்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம். வெளிநாட்டுக் கதை எடுபடவில்லை என்றால் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார் கூட்டத்தைக் காட்டுங்கள். அறுபது வயது ஆச்சி போய்ச் சேர்வார், இருபது வயதுப் பேரன் முதல் நாள் விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டுக் கால் கொப்பளத்தோடு உட்கார்ந்திருப்பான்.

படி 5: வேகத்துக்கு ஒரு கணக்கு

எட்டு வாரம் கழித்து 5000 மீட்டர் ஒன்று ஓடவிட்டு நேரம் எடுங்கள். இனி எல்லாம் அந்த எண்ணிலிருந்து வரும். ஒரு பையன் 16 நிமிடம் 40 விநாடியில் முடித்தான் என்று வைப்போம். 1000 விநாடி, ஆகக் கிலோமீட்டருக்கு 3:20, ரவுண்டுக்கு 80 விநாடி.

மெதுவான ஓட்டம் கிலோமீட்டருக்கு 4:45 முதல் 5:15. வாரத்தின் பெரும்பகுதி இதுதான்.

டெம்போ ஓட்டம், அதாவது கஷ்டமாக இருக்கும், ஆனால் பிடித்து வைக்க முடியும் என்கிற வேகம், 5000 மீட்டர் வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 15 முதல் 20 விநாடி மெதுவாக. இவனுக்கு 3:35 முதல் 3:40, ரவுண்டுக்கு 86 முதல் 88. இருபது நிமிடம். முடித்த பிறகு "இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடியிருப்பேன் சார்" என்று சொல்ல வேண்டும். தரையில் விழுந்தான் என்றால் அது டெம்போ இல்லை, போட்டி.

இன்டர்வெல் என்பது 5000 மீட்டர் வேகத்திலேயே துண்டு துண்டாக: 1000 மீட்டர் 3:20-ல், நடுவே 400 மீட்டர் மெதுவோட்டம், ஐந்து முறை. முதல் துண்டும் கடைசித் துண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முதலாவதை 3:05-ல் ஓடிவிட்டு வந்து பல்லைக் காட்டுபவனைப் பாராட்டாதீர்கள். மாட்டுவண்டிப் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களில் 20 நிமிடத்தில் முடிப்பவருக்கு இதே கணக்கு கிலோமீட்டருக்கு 4:00, ரவுண்டுக்கு 96 என்று மாறும். ஆண்களின் வேகத்தைப் பெண்கள் மேல் போடுவதும், முதல் ஆளின் வேகத்தை ஆறாவது ஆள் மேல் போடுவதும் ஒரே தவறுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் பக்கம் வையுங்கள்.

படி 6: ஒரு வாரம் எப்படி இருக்கும்

திங்கள் 8 கிலோமீட்டர் மெதுவாக, பிறகு ஆறு நூறு மீட்டர். செவ்வாய் இன்டர்வெல், முன்னும் பின்னும் மெதுவோட்டம் சேர்த்து 10 கிலோமீட்டர் வந்துவிடும். புதன் 7 கிலோமீட்டர் மெதுவாக, பிறகு அரைமணி உடற்பயிற்சி: குந்தி எழுவது, ஒரு காலில் நின்று குதிகாலைத் தூக்குவது, முழங்கையூன்றிப் பலகைபோல் கிடப்பது. எடை தூக்கும் கூடம் தேவையில்லை. வியாழன் டெம்போ. வெள்ளி 6 கிலோமீட்டர், கண்மாய்க் கரை ஏற்றத்தோடு. சனி ஓய்வு. ஞாயிறு நீண்ட ஓட்டம், 13 முதல் 15 கிலோமீட்டர், தைலமரக் காட்டுப் பாதையில், கூட்டமாக, அரட்டையோடு.

ஓய்வு நாளில் ஓடியவனைக் கண்டிக்க வேண்டும், ஓடாதவனைக் கண்டிப்பது போலவே. பரீட்சை வாரத்தில் பாதியாகக் குறையுங்கள். இரவு மூன்று மணிவரை கண் விழித்த பிள்ளையை ஐந்து மணிக்கு இன்டர்வெல் ஓடவிடுவது பயிற்சி ஆகாது. வெளியூர்ப் பிள்ளைகள் காலை பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றபடி வருவதையும் கணக்கில் சேருங்கள். அட்டவணை என்பது ஆளைப் பார்த்து எழுதுவது.

படி 7: வெயில்

சித்திரை, வைகாசியில் இங்கே பகல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தேகாலுக்குத் தொடங்கி ஏழுக்குள் முடியுங்கள். விடுமுறை முடிந்து வந்த பிள்ளைக்கு வெயில் பழக இரண்டு வாரம் ஆகும். அதுவரை நேரத்தைப் பார்க்காமல் உழைப்பைப் பாருங்கள். விடிகாலையில் வெயில் இல்லாவிட்டாலும் புழுக்கம் இருக்கும். வியர்வை காயாமல் வழிந்தால் உடம்பு குளிராது.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுங்கள், நீராகாரமும் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் மருந்துக்கடைப் பொட்டலம் இல்லாத நேரத்துக்குக் கைகொடுக்கும்.

ஒரு பிள்ளை தள்ளாடினால், உளறினால், உடம்பு கொதித்தால் அது மயக்கம் இல்லை, வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டி இருந்தால் தலையை மேலே பிடித்துக்கொண்டு கழுத்துவரை அமிழ்த்துங்கள். 108-ஐக் கூப்பிடுவது பக்கத்தில் ஒருவர் செய்யட்டும். குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மைதானத்தில் எப்போதும் இரண்டு குடம் தண்ணீர் தனியாக இருக்கட்டும்.

படி 8: சாப்பாடு

செட்டிநாட்டுச் சமையலைக் குறை சொல்லி இந்த ஊரில் நான் வாழ முடியாது. ஆனால் போட்டிக்கு முந்தின இரவு மிளகுக் கோழி வேண்டாம். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், வாழைப்பழம். அன்றைக்குப் புதிதாக எதையும் முயலக் கூடாது.

மற்ற நாட்களில் கவலை வேறு: பிள்ளைகள் போதுமான அளவு சாப்பிடுவதில்லை. விடுதி மெஸ்ஸில் எட்டரைக்குச் சாப்பாடு, பிள்ளை ஏழு மணிக்கு ஓடி முடித்திருக்கும். அந்த இடைவெளிக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கடலை மிட்டாய், அவித்த முட்டை ஏதாவது மைதானத்துக்கே வர வேண்டும். கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் இந்த ஊர் ஓட்டக்காரனுக்கு எந்த டப்பா பவுடரையும்விட மலிவு.

வருஷத்துக்கு இரண்டு முறை ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், ஹீமோகுளோபினும், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் பெரிட்டினும். பயிற்சி நன்றாக நடந்தும் நேரம் மோசமாகிக்கொண்டே போகும் பெண்ணுக்குப் பாதி நேரம் இரும்புச்சத்துக் குறைவுதான் காரணமாக இருக்கும். முருங்கைக்கீரை, ஈரல், பயறு, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும்.

படி 9: பெண் பிள்ளைகள்

பெண்கள் அணிக்கு முதல் பயிற்சி வீட்டு வாசலில் நடக்கிறது. அம்மாவையும் அப்பாவையும் நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவாள், யார் கூட வருவாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்பதைச் சொல்லுங்கள், சொன்னபடி நடங்கள். இரண்டு பேராவது சேர்ந்துதான் ஓட வேண்டும். அணியோடு ஒரு பெண் ஆசிரியர் வராத பயணத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மாதவிடாய் மூன்று மாதம் தவறினால் அது உழைப்பின் அடையாளம் இல்லை, சாப்பாடு போதவில்லை என்ற எச்சரிக்கை. எலும்பு தேயத் தொடங்கும். இதைப் பேசப் பெண் ஆசிரியர் ஒருவரோ மருத்துவரோ இருக்க வேண்டும். எடையைக் கேலி செய்யும் ஒரு வார்த்தை ஒரு பிள்ளையின் ஓட்டத்தையே முடித்துவிடும்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையின் பேரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தரங்கமான மருத்துவ விவரம் நாடெங்கும் செய்தியானது. பிறகு செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்கும் நிலைக்குப் போய், அதன்பின் பயிற்சியாளராக மீண்டும் மைதானத்துக்கு வந்தார். உங்கள் நோட்டில் இருக்கும் ஒரு பிள்ளையின் உடல்நலக் குறிப்பு, பிள்ளைக்கும் மருத்துவருக்கும் உங்களுக்கும் மட்டும் உரியது. ஆசிரியர் அறையில்கூட அது பேச்சாகக் கூடாது.

படி 10: காலும் காலணியும்

பள்ளிவரை வெறுங்காலில் ஓடிய பிள்ளையை ஒரே நாளில் ஷூவுக்கு மாற்றாதீர்கள், ஷூவிலேயே ஓடியவனைத் திடீரென்று வெறுங்காலுக்கும் மாற்றாதீர்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். விலை உயர்ந்த ஷூ தேவையில்லை, அளவு சரியாக இருந்தால் போதும்: கட்டை விரலுக்கு முன்னால் அரை அங்குலம். ஸ்பைக்ஸ் போட்டி நாளுக்கும் அதற்கு முந்தின சில ட்ராக் பயிற்சிகளுக்கும் மட்டும்.

எலும்பின் மேல் ஒரே புள்ளியில், விரல் வைத்தால் துள்ளும் வலி என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். தசையில் பரவலான வலி ஓடஓடக் குறைந்தால் மெதுவாகத் தொடரலாம், கூடினால் நிறுத்துங்கள். "தாங்கிக்கிட்டு ஓடு" என்ற வார்த்தையைப் பயிற்சியாளர் மறந்துவிட வேண்டும்.

படி 11: ஊசியும் டப்பாவும்

ஜிம்மில் யாரோ கொடுத்த பவுடர், தேர்வுக்கு முன் "ஒரு ஊசி போட்டா ஓடிடலாம்" என்ற பேச்சு, இரண்டும் நம் ஊருக்கு வந்துவிட்டன. திருச்சி முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் 800 மீட்டரை 2:02.70-ல் ஓடி ஆசியத் தங்கம் வாங்கியபோது ஊரே கொண்டாடியது. ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கி நான்கு வருஷத் தடை வந்தது, பதக்கமும் போனது. உடம்புக்குள் போகும் ஒவ்வொன்றுக்கும் ஓடுபவரே பொறுப்பு என்பதுதான் விதி, தெரியாமல் சாப்பிட்டேன் என்பது எடுபடாது. இருமல் மருந்துகூட உங்களிடமும் மருத்துவரிடமும் கேட்டபிறகுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 12: காட்டிலிருந்து ட்ராக்குக்கு

கிராஸ் கன்ட்ரி முடிந்ததும் தடகளப் போட்டி வரும். காட்டில் சேர்த்த பலத்தை ட்ராக்கில் செலவழிப்பது எளிது. அதிகம் மாற்ற வேண்டாம். செவ்வாய்க்கிழமை 1000 மீட்டர் துண்டுகளை 400, 600 என்று சுருக்கி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். யார் 1500-க்கு, யார் 10000-க்கு என்பது நோட்டைப் பார்த்தாலே தெரியும். கடைசி 200 மீட்டரில் பாய்பவன் 1500, எந்த வேகத்தில் விட்டாலும் அதே வேகத்தில் கடிகாரம் போல் ஓடுபவன் 10000.

முள்ளும் சேறும் தாண்டிப் பழகிய பிள்ளையை ஸ்டீபிள்சேஸில் விட்டுப் பாருங்கள். 3000 மீட்டரில் 28 தடைகள், ஏழு தண்ணீர்த் தாண்டல். போட்டிக்கு ஆட்கள் குறைவு, பதக்கத்துக்கு வழி கிட்டம். மகாராஷ்டிராவின் வறட்சி பூமியான பீட் மாவட்டத்துப் பிள்ளை அவினாஷ் சாப்லே, ராணுவத்தில் சேர்ந்து கிராஸ் கன்ட்ரியில் தொடங்கி இதற்கு வந்தவர். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் 8:11.20 ஓடி வெள்ளி வாங்கினார். தங்கத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.05 விநாடி.

படி 13: போட்டி நாள்

போட்டிக்கு முந்தின பத்து நாளில் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், வேகத்தைக் குறைக்க வேண்டாம். முதல் நாளே போய்ப் பாதையை முழுக்க நடந்து பாருங்கள். எங்கே குறுகுகிறது, எங்கே மணல், கடைசித் திருப்பத்திலிருந்து முடிவுக்கு எத்தனை அடி என்பது ஆறு பேருக்கும் தெரிய வேண்டும். பாதை சீக்கிரம் குறுகினால் மட்டும் முதல் 200 மீட்டரில் கொஞ்சம் முந்தலாம். மற்றபடி முதல் இரண்டு கிலோமீட்டர் கூட்டத்தின் நடுவில், இருவர் இருவராக.

விதியைச் சொல்லிக் கொடுங்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் லட்சுமணன் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். வளைவில் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இருபத்தைந்து ரவுண்டு உழைப்பு, ஒரு காலடி. பயிற்சியிலும் உள்விளிம்பில் மிதித்தவனை அந்த ரவுண்டைத் திரும்ப ஓடவிடுங்கள்.

அன்றைக்கு நீங்கள் நிற்க வேண்டிய இடம் முடிவுக்கோடு இல்லை. ஏழாவது கிலோமீட்டர் பக்கம், யாரும் கைதட்டாத ஒரு திருப்பம். முதல் ஆள் போகும்போது தலையாட்டினால் போதும். மூன்றாவது ஆளும் போகட்டும். நாலாவது பிள்ளை வருவதற்குள் முன்னால் எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வந்ததும் இரண்டே வார்த்தை: "முன்னாடி ஆறு பேர்டா. பிடி." கயிற்றை விட வேண்டிய இடம் அதுதான்.